எங்கிருந்து எங்கே? கட்டட வரைபட மென்பொருளில் தூரம் அளக்கும் முறை

திருப்பூர் காதர்பேட்டையில் அளவு தெரியாதவர் கிடையாது. ரயிலைவிட்டு இறங்கி நடந்தே வந்து சேரும் வெளியூர் வியாபாரி, "எண்பது எத்தனை டஜன் இருக்குது, எண்பத்தஞ்சு எத்தனை டஜன் இருக்குது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பனியனின் மார்பளவைச் சென்டிமீட்டரில் சொல்லும் எண்கள் அவை. ஐந்தைந்தாக ஏறும் அந்த வரிசை கடைப் பையன்களுக்குக்கூட மனப்பாடம்.

டிப்ளமோ முடித்துத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பகுதிக்குப் புது மேசை போட அளவெடுக்கப் போயிருந்தேன். அங்கே ஓர் அக்கா டி-ஷர்ட் ஒன்றை மேசைமேல் விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, அக்குள் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே டேப்பை வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க்கா, ஒரு இஞ்ச் கீழதான் வெக்கோணுமா?" என்று கேட்டேன்.

"பையர் குடுத்த சார்ட்டுல அப்படித்தான் கண்ணு இருக்குது. மேல வெச்சா ஒரு அளவு வரும், கீழ வெச்சா ஒரு அளவு வரும். இழுத்துப் புடிச்சா நீ கேக்கற அளவே வரும். எங்கிருந்து எங்கேன்னு மொதல்ல தெரியோணும்."

கட்டட வரைபடத்தில் தூரம் அளப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஆட்டோகேட் போன்ற மென்பொருள் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தசமத்துக்குப் பிறகு எட்டு இலக்கம் வரை சொல்லும். அந்தப் புள்ளிகள் சுவரின் செங்கல் முகத்தில் இருக்கின்றனவா, பூச்சு முகத்தில் இருக்கின்றனவா, அல்லது காற்றில் நிற்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வரைபவர்தான். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த அக்காவின் கேள்வியை ஒவ்வொரு படியிலும் கேட்டுப் பார்ப்பதற்கான பயிற்சி. காதர்பேட்டையின் ஒடுங்கிய, நீண்ட கடை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

1. கணினிக்கு முன்னால், கடையில்

வரைபடத்தில் அளக்கும் தூரம் கடையில் எடுத்த தூரத்தைவிடச் சரியாக இருக்க முடியாது. ஆகவே முதலில் டேப்.

தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப்பைக் கட்டட வேலைக்கு எடுக்காதீர்கள். அது நாள்பட நாள்பட நீளும். எஃகு டேப் எடுங்கள். அதன் நுனியில் இருக்கும் கொக்கி லேசாக ஆடுவதைப் பார்த்துப் பழுது என்று பலர் ஆணி அடித்து இறுக்கிவிடுகிறார்கள். அந்த ஆட்டம் கொக்கித் தகட்டின் கனத்துக்குச் சமமாக வேண்டுமென்றே வைத்தது. விளிம்பில் மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டி அழுத்தினாலும் அளவு ஒன்றாக வருவதற்கான ஏற்பாடு அது. அதைத் தொடாதீர்கள்.

லேசர் மீட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கருவி தன் முன் விளிம்பிலிருந்து கணக்கிடுகிறதா, பின் விளிம்பிலிருந்தா என்பதை. திரையில் ஒரு சிறு படம் அதைக் காட்டும். தவறான அமைப்பில் இருந்தால் ஒவ்வொரு அளவிலும் கருவியின் நீளமே பிழையாக ஏறும். எல்லா அளவிலும் ஒரே அளவுக்கு ஏறுவதால் கண்ணுக்குத் தப்பிவிடும். அளவெடுக்கத் தொடங்கும் முன் ஒரு தூரத்தை டேப்பாலும் லேசராலும் எடுத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

ஒரு சுவரில் தூண், ஷட்டர் ஓரம், மீட்டர் பெட்டி, படிக்கட்டு வாய் என்று பல இருந்தால், ஒவ்வொன்றுக்கும் டேப்பை எடுத்து எடுத்து வைக்காதீர்கள். ஒரு மூலையில் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை டேப்பை நீட்டி, வரிசையாகத் தொடர் அளவு படியுங்கள். துண்டு துண்டாக எடுத்தால் ஒவ்வொரு துண்டின் சிறு பிழையும் அடுத்ததோடு கூடிக்கொண்டே போகும்.

குறிப்பேட்டில் எழுதும்போது ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். "பதினொன்னு எட்டு" என்று ஒருவர் சத்தமாகச் சொல்ல, மற்றவர் 11.8 என்று எழுதுவது நம் ஊரில் அன்றாடம் நடப்பது. கணினிக்கு 11.8 அடி என்றால் 11 அடி 9.6 அங்குலம். சொன்னது 11 அடி 8 அங்குலம். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். அதைவிட மோசம் 5.10: ஐந்தடி பத்து அங்குலம் என்று எழுதியது கணினியில் ஐந்தடி ஒன்றேகால் அங்குலமாக ஆகிவிடும். அடிக்கும் அங்குலத்துக்கும் நடுவே புள்ளி வைக்காதீர்கள். அடிக்கு ஒரு கோடு, அங்குலத்துக்கு இரு கோடு போடுங்கள். இல்லையேல் எல்லாவற்றையும் மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள். நான் இப்போது மில்லிமீட்டர்தான்.

2. அலகைச் சோதியுங்கள்

உங்கள் கைக்கு வரும் டிராயிங் பெரும்பாலும் வேறொருவர் வரைந்ததாக இருக்கும். அதில் எதையும் அளக்கும் முன், நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருளை அளந்து பாருங்கள். காதர்பேட்டைக் கடையில் அதற்கு ஏற்றது ஷட்டர் வாய். அது 8 அடி அகலம் என்று உங்களுக்கு நேரில் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அளந்தால் வரும் எண்ணே அலகைச் சொல்லிவிடும்.

96 என்று வந்தால் வரைந்தது அங்குலத்தில்.
8 என்று வந்தால் அடியில்.
2438 என்று வந்தால் மில்லிமீட்டரில்.
243.8 என்று வந்தால் சென்டிமீட்டரில்.
2.438 என்று வந்தால் மீட்டரில்.

இந்த ஐந்தில் எதுவும் வரவில்லையென்றால் அந்த டிராயிங் எங்கோ அளவு மாறியிருக்கிறது. அதை வைத்து மேலே வேலை செய்யாதீர்கள்.

ஆட்டோகேடில் 'யூனிட்ஸ்' என்ற கட்டளையில் ஆர்க்கிடெக்சுரல் என்று வைத்தால், ஓர் அலகு ஓர் அங்குலமாக எடுத்துக்கொள்ளப்படும். டெசிமல் என்று வைத்தால் அந்த அலகு எது என்பது நீங்கள் மனதில் வைத்திருப்பதுதான். மில்லிமீட்டரில் வரைந்த கோப்பில் ஆர்க்கிடெக்சுரல் என்று மாற்றினால் கோடுகள் மாறாது, எண்ணின் தோற்றம் மட்டும் மாறும்; 2438 மில்லிமீட்டர் ஷட்டர் 203 அடியாகப் படிக்கும். அங்குலக் கோப்பை மில்லிமீட்டராக்க வேண்டுமென்றால் 'ஸ்கேல்' கட்டளையில் 25.4 மடங்கு பெரிதாக்க வேண்டும்.

அடியை 30 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பள்ளிக்கூட ஸ்கேல் தந்த வழக்கம் அது. ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். 40 அடி ஆழமுள்ள கடையில் அந்த 4.8 சேர்ந்து 192 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஏழரை அங்குலம்! ஒரு செங்கல் சுவரின் கனத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

பழைய பிளானின் ஸ்கேன் படத்தையோ புகைப்படத்தையோ அடியில் வைத்து வரைவதாக இருந்தால், தெரிந்த ஒரு நீளத்தை வைத்து 'ஸ்கேல்' கட்டளையின் ரெஃபரன்ஸ் வழியில் பெரிதாக்குங்கள். அதற்கு எடுக்கும் நீளம் முடிந்தவரை பெரியதாக இருக்கட்டும். ஒரு மீட்டர் கதவை வைத்துப் பொருத்தும்போது 5 மில்லிமீட்டர் தவறினால், மீட்டருக்கு மீட்டர் 5 மில்லிமீட்டர் தவறும். 10 மீட்டர் சுவரை வைத்துப் பொருத்தினால் அதே தவறு மீட்டருக்கு அரை மில்லிமீட்டராகக் குறைந்துவிடும்.

3. கோணல் கடையைக் கோணலாகவே வரையுங்கள்

என் கைப்பட நடந்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். காதர்பேட்டைச் சந்து ஒன்றில் ஒரு மொத்த வியாபாரக் கடை. முன்பக்க அகலம் 3550 மில்லிமீட்டர், அதாவது 11 அடி ஏழேமுக்கால் அங்குலம். ஆழம் 40 அடி, 12,192 மில்லிமீட்டர். பின்சுவரை ஒட்டிப் பண்டல்கள் அடுக்கியிருந்ததால் அதன் குறுக்கே டேப் பிடிக்க இடமில்லை. இரண்டு பக்கச் சுவர்களையும் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நேர் செவ்வகம் என்று முடிவு கட்டி வரைந்துவிட்டேன். பின்சுவருக்கு 11 அடி 6 அங்குலத்தில் ரேக் செய்யச் சொல்லிவிட்டேன்.

ரேக் வந்து இறங்கியபோது பின்பக்க அகலம் 3405 மில்லிமீட்டர், 11 அடி 2 அங்குலம் மட்டுமே இருந்தது. வெல்டிங் கடைக்காரர் நாலங்குலம் அறுத்து மறுபடி ஒட்டும் வரை கடைக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "பிளான்ல நிக்குதுங்க தம்பி, கடைல நிக்கலீங்களே" என்றார், அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பின்பக்கம் 145 மில்லிமீட்டர் குறுகிய கடையில் பக்கச் சுவர்களுக்குள் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான் வரும். பக்கச் சுவர்களை எத்தனை முறை அளந்தாலும் கோணல் தெரியாது. மூலைவிட்டம் இரண்டையும் அளந்திருந்தால் ஒன்று 12,698, மற்றது 12,659 என்று வந்திருக்கும். 39 மில்லிமீட்டர் வித்தியாசம் உடனே கண்ணில் பட்டிருக்கும்.

நம் கிரையப் பத்திரங்கள் இதில் பாதியைச் சரியாகச் செய்கின்றன. "கிழமேல் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை அடி, தென்வடல் கிழபுறம் இத்தனை, மேல்புறம் இத்தனை" என்று நான்கு பக்கத்தையும் தனித்தனியே எழுதுகின்றன. எதிரெதிர்ப் பக்கம் சமமாக இருக்கும் என்று அவை நினைத்துக்கொள்வதில்லை. ஆனால் நான்கு பக்கம் தெரிந்தாலும் ஒரு நாற்கரத்தின் வடிவம் நிலைக்காது. கயிற்றுக் கட்டில் சட்டம் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். ஒரு மூலைவிட்டம் சேர்ந்தால்தான் அது நிற்கும்.

கணினியில் வரையும் முறை இது. முன்பக்கக் கோட்டை 3550 நீளத்துக்குப் போடுங்கள். இடது முனையை மையமாக வைத்து இடச்சுவரின் நீளம் ஆரமாக ஒரு வட்டம் போடுங்கள். வலது முனையை மையமாக வைத்து, அங்கிருந்து பின்பக்க இடமூலை வரையுள்ள மூலைவிட்டம் ஆரமாக இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடம்தான் பின்பக்க இடமூலை. இதே போல வலமூலையையும் கண்டுபிடியுங்கள். இரண்டையும் சேர்த்தால் பின்சுவர் வந்துவிடும்.

பின்சுவரின் நீளத்தை நாம் வரைவதற்குப் பயன்படுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இப்போது அதைக் கணினியில் அளந்து, கடையில் டேப்பால் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். 10, 15 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் உங்கள் அளவுகள் நம்பகமானவை. இவ்வளவு விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு: இத்தனை நீண்டு ஒடுங்கிய கடையில் மூலைவிட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், பின்மூலை பக்கவாட்டில் மூன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும். அதைவிட அதிகமாக மாறினால் மறுபடி டேப்பை எடுங்கள்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அளந்து முடிக்க 57 நாள் ஆனது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, நிழலில் வைத்து, வெப்பமானி பார்த்து அளந்தார்கள். அந்த ஒரே கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்த்துக்கொண்டு போனார்கள். 1804இல் பெங்களூருக்கு வந்ததும், கணக்கில் கிடைத்த நீளம் சரிதானா என்று தரையில் இன்னொரு கோட்டை அளந்து பார்த்தார்கள். அந்தப் பெங்களூர்க் கோடு செய்த வேலையைத்தான் நம் கடையின் பின்சுவர் செய்கிறது.

4. தூரம் கேட்கும் கட்டளை

ஆட்டோகேடில் டி, ஐ என்ற இரண்டு எழுத்தைத் தட்டி எண்டர் அழுத்தினால் 'டிஸ்ட்' கட்டளை தொடங்கும். இரண்டு புள்ளிகளைத் தொட்டால் விடை வரும். 2020 பதிப்பு முதல் 'மெஷர்ஜியோம்' கட்டளையின் குவிக் வழியில், அறைக்குள் கர்சரை நகர்த்தினாலே சுற்றியுள்ள அளவுகள் தெரியும். வேகமாக ஒரு பார்வை பார்க்க அது நல்லது. ரேக்கோ கதவோ செய்யக் கொடுக்கும் அளவை மட்டும் 'டிஸ்ட்' வழியாகவே எடுங்கள்; எந்தப் புள்ளியைத் தொட்டோம் என்பது நம் கையில் இருக்கும்.

புள்ளியைக் கண்ணால் குத்துமதிப்பாகத் தொடவே கூடாது. எஃப்3 விசையால் ஆப்ஜெக்ட் ஸ்னாப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ட்பாயிண்ட், இன்டர்செக்‌ஷன், பெர்பெண்டிகுலர் மூன்றும் போதும். பத்துப் பன்னிரண்டு ஸ்னாப்பை ஒன்றாகப் போட்டு வைத்தால், மூலையைத் தொடுவதாக நினைத்துப் பக்கத்திலிருக்கும் நடுப்புள்ளியைத் தொட்டுவிடுவோம்.

இரண்டு சுவருக்கு நடுவே அகலம் வேண்டுமென்றால், முதல் சுவரில் ஒரு முனையைத் தொட்டுவிட்டு எதிர்ச் சுவரைப் பெர்பெண்டிகுலர் ஸ்னாப்பால் தொடுங்கள். சுவர்கள் இணையாக இல்லையென்றால் 'அகலம்' என்று ஒரே எண் கிடையாது. முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றையும் எழுதுங்கள். ரேக் செய்பவருக்குக் குறைந்த எண்ணைக் கொடுங்கள்.

விடை வரும்போது முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு ஓடாதீர்கள். அதற்குக் கீழே டெல்டா எக்ஸ், டெல்டா ஒய், டெல்டா இசட் என்று மூன்று எண் இருக்கும். கிழமேலில் எவ்வளவு, தென்வடலில் எவ்வளவு, உயரத்தில் எவ்வளவு என்பதே அது. தரைப் பிளானில் டெல்டா இசட் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு புள்ளிகளில் ஒன்று உயரத்தில் தொங்குகிறது. பார்வைக்கு 3000 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்று 2400 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால், கணினி 3842 என்று சொல்லும். அது பொய்யல்ல, சாய்வான தூரம். நாம் கேட்க நினைத்தது அதுவல்ல. பிளானில் இப்படி நேர்ந்தால், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு 'ஃபிளாட்டன்' கட்டளையால் எல்லாவற்றையும் தரைக்கு இறக்குங்கள்.

5. சுவரின் எந்த முகம்?

கட்டடத்தில் அதிகச் சண்டை வருவது இங்கேதான். 9 அங்குலச் சுவர் என்று நாம் சொல்வது பூச்சு இல்லாத செங்கல் சுவர்; வரைபடத்தில் 230 மில்லிமீட்டர். உள்ளே 12, வெளியே 20 மில்லிமீட்டர் பூசினால் சுவர் 262 ஆகிறது. மேலே டைல்ஸ் ஒட்டினால் இன்னும் ஏறும். ஒரே சுவருக்கு மையக்கோடு, செங்கல் முகம், பூச்சு முகம் என்று மூன்று இடம் இருக்கிறது. மூன்றிலிருந்தும் மூன்று தூரம் வரும்.

அஸ்திவாரத்துக்குத் தூண் குறிக்கும் மேஸ்திரிக்கு மையத்திலிருந்து மையம் வேண்டும். செங்கல் வைக்கும் கொத்தனாருக்குச் செங்கல் முகம் வேண்டும். ரேக், கதவு, கண்ணாடி செய்பவருக்குப் பூச்சு முகத்திலிருந்து பூச்சு முகம் வேண்டும். ஒரு படிக்கட்டுக்கு 1500 மில்லிமீட்டர் அகலம் என்று செங்கல் முகத்திலிருந்து வரைந்தால், இரண்டு பக்கமும் பூசிய பிறகு 1476தான் மிஞ்சும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வணிகக் கட்டடப் படிக்கட்டுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அகலம் 1.5 மீட்டர். வரைபடத்தில் விதிக்கு உட்பட்ட படி, கட்டி முடித்ததும் விதிக்கு வெளியே போய்விடும்.

ரெவிட் போன்ற மென்பொருளில் சுவர் என்பது அடுக்கடுக்கான பொருள். அதில் அளவுக்கோடு போடும்போது மையக்கோடு, வால் ஃபேஸ், கோர் ஃபேஸ் என்று எதைப் பிடிக்கிறது என்பதைத் தேர்வுப் பட்டையில் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆட்டோகேடில் பூச்சுக்குத் தனி லேயரில் ஒரு கோடு போட்டுவிட்டால் குழப்பமே இல்லை. எந்த மென்பொருளாக இருந்தாலும் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "இதிலுள்ள அளவுகள் பூச்சுக்குப் பின், முகத்திலிருந்து முகம்." எத்தனையோ தகராறுகளை இந்த ஒரு வரி தீர்த்திருக்கிறது.

6. முப்பரிமாணத்தில் ஓர் எச்சரிக்கை

ஸ்கெட்ச்அப்பில் டி விசையைத் தட்டினால் டேப் மெஷர் வரும். நுனியைத் தொட்டால் பச்சைப் புள்ளி, நடுவைத் தொட்டால் வெளிர்நீலம், கோட்டின் மேல் எங்காவது தொட்டால் சிவப்பு. பச்சையைப் பார்க்காமல் சொடுக்காதீர்கள். திரையில் முன்சுவர் மூலையும் பின்சுவர் மூலையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் கோணத்தில் அளக்காதீர்கள்; ஒருமுறை சுற்றிப் பார்த்து, தொட்ட புள்ளி நாம் நினைத்ததுதானா என்று உறுதி செய்யுங்கள்.

அளந்து முடித்தவுடன் ஒரு எண்ணைத் தட்டி எண்டர் கொடுத்தால், மாடல் முழுவதையும் அந்த அளவுக்கு மாற்றட்டுமா என்று அது கேட்கும். அளவை மட்டும் பார்க்க வந்தவர் தெரியாமல் சரி என்று சொல்லிவிட்டால் கடை மொத்தமும் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிவிடும். வேண்டுமென்றே செய்தால் இதே வசதி, தவறான அளவில் வந்த மாடலைச் சரிசெய்யச் சிறந்த வழி.

7. காகம் பறக்கும் தூரமும் மனிதர் நடக்கும் தூரமும்

2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் பிடித்த தீயில் ஐம்பது கடைகள் வரை எரிந்துபோயின. அதற்குப் பிறகு இந்தப் பகுதியில் எந்தக் கடைக்கு வரைந்தாலும் ஒரு தூரத்தை நான் அளக்காமல் விடுவதில்லை: உள்ளே மிகத் தொலைவில் நிற்கும் ஒருவர் தெருவுக்கு வர எத்தனை மீட்டர் நடக்க வேண்டும்?

இதை 'டிஸ்ட்' கட்டளையால் அளக்க முடியாது. அது நேர்கோட்டில் சொல்லும். மனிதர் ரேக்கைச் சுற்றி, மேசையைச் சுற்றி, படியிறங்கி வர வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வணிகக் கட்டடங்களுக்கு வெளியேறும் வழி வரை சொல்லும் 30 மீட்டர், நடக்கும் பாதையின் தூரம். ஆகவே ரேக், மேசை, பண்டல் அடுக்கும் இடம் எல்லாவற்றையும் முதலில் வரையுங்கள். பிறகு பாலிலைன் ஒன்றை, மூலையிலிருந்து நடைபாதையின் நடுவாகத் திரும்பித் திரும்பி, வாசல் வரை போடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் மொத்த நீளம் இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. மேல்மாடியுள்ள கடை. மேலே பின்மூலையிலிருந்து படி வரை நேர்கோட்டில் 11 மீட்டர். ரேக்குகளுக்கு நடுவே நடந்தால் 16.5. படி 20, டிரெட் 300, ரைசர் 150 மில்லிமீட்டர். பிளானில் அது 6 மீட்டர் நீளம், சரிவில் நடக்கும் தூரம் 6.7. கீழே படியடியிலிருந்து ஷட்டர் வரை நேரே 7 மீட்டர், மேசையைச் சுற்றினால் 9. நேர்கோட்டில் கூட்டினால் 24 மீட்டர். நிம்மதியாகத் தூங்கலாம் போலிருக்கும். நடக்கும் கணக்கில் 32.2 மீட்டர். படிக்கட்டு தடுப்புச் சுவர் இல்லாமல் கடைக்குள் திறந்து கிடந்தால், தெருவாசல் வரை முழுவதையும் கணக்கெடுப்பதே பாதுகாப்பு. இந்தக் கடையில் ஒரு ரேக் வரிசையை நடுவில் உடைத்து வழி விட்டாலே மூன்று நான்கு மீட்டர் குறைந்துவிடும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வரைபவர்தான். தீ பிடித்த பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. திருவிழாச் சீசனில் நடைபாதையிலும் பண்டல் ஏறும். கடைக்காரரிடம் அதைக் கேட்டு, அந்த நிலையையும் தனி லேயரில் வரைந்து, நடைபாதையின் மிகக் குறுகிய இடத்தை அளந்து காட்டுங்கள். எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு பண்டலை நகர்த்தியவர்கள் உண்டு.

8. எழுதியிருக்கும் எண்ணை நம்பலாமா?

வரைபடத்தில் அளவுக்கோட்டின் மேல் இருக்கும் எண், அளந்து வந்ததாகவும் இருக்கலாம், யாரோ கையால் தட்டியதாகவும் இருக்கலாம். கடைசி நேரத்தில் சுவரை நகர்த்தாமல் எண்ணை மட்டும் மாற்றிவிடுவது பல அலுவலகங்களில் நடக்கிறது. சந்தேகமிருந்தால் அந்த அளவைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் டெக்ஸ்ட் ஓவர்ரைடு என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே எண் ஏதாவது இருந்தால் அது தட்டியது. காலியாக இருந்தால் மென்பொருள் அளந்தது. தட்டிய எண் கண்டால் வரைந்தவரைக் கேட்காமல் வேலைக்குக் கொடுக்காதீர்கள்.

முழு எண்ணாக்குவதிலும் ஒரு பொறி உண்டு. 40.4 அங்குலம் உள்ள மூன்று ரேக் அடுத்தடுத்து நின்றால், முழு அங்குலத்துக்கு வைத்த வரைபடம் ஒவ்வொன்றையும் 40 என்று காட்டும்; மொத்தத்தை 121 என்று காட்டும். கூட்டிப் பார்க்கும் மேஸ்திரி 120 என்பார். இரண்டு பேரும் சரி. தவறு நாம் வைத்த இலக்கத்தில். மில்லிமீட்டரில் வேலை செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வரைபடம் கைமாறும் முன்

— தெரிந்த ஒரு பொருளை அளந்து அலகைச் சோதித்தேனா?
— மூலைவிட்டம் இரண்டையும் எடுத்தேனா?
— வரைவதற்குப் பயன்படுத்தாத ஓர் அளவையாவது டேப்போடு ஒப்பிட்டேனா?
— டெல்டா இசட் பூஜ்யமா?
— எந்த முகத்திலிருந்து எந்த முகம் என்று ஓரத்தில் எழுதினேனா?
— தெருவுக்கு வர நடக்கும் தூரம் எவ்வளவு?
— தட்டிய எண் எதுவும் ஒளிந்திருக்கிறதா?

பயிற்சி

உங்களுக்குப் பழக்கமான ஒரு கடையில், வியாபாரம் குறைந்த நேரத்தில், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு நான்கு சுவர்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து வாருங்கள். பின்சுவரை விட்டுவிட்டு மற்ற ஐந்து அளவுகளால் வட்டம் போட்டு வரையுங்கள். பின்சுவரைக் கணினியில் அளந்து உங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். பிறகு ரேக்குகளையும் மேசையையும் போட்டு, உள்மூலையிலிருந்து தெரு வரை பாலிலைன் இழுங்கள்.

கிடைத்த நீளத்தைத் தாளில் எழுதிக்கொண்டு மறுபடி கடைக்குப் போங்கள். அதே மூலையில் நின்று, அதே வழியில், டேப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால், "எங்கிருந்து எங்கே" என்று அந்த அக்கா கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதில் சரி.